பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து: வாசகர் கேள்வி–பதில்

கணிதமேதை ராமானுஜன் 1918-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனதைப் பற்றி ஒரு கேள்விக்குப் போன இதழில் நாலு வரியில் பதில் சொல்லியிருந்தோம். அதைத் தொட்டுக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எனவே இந்த இதழ் முழுக்க லண்டன் ராயல் சொசைட்டிதான். அதற்குள் யார் போனார்கள், யாரை வாசலிலேயே நிறுத்தினார்கள், நம் சென்னைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்டவற்றிலிருந்து சில கேள்விகள் இங்கே.

எஃப்.ஆர்.எஸ். என்பது பட்டமா, பதவியா, விருதா? பரீட்சை எழுதி வாங்குவதா? (பெரம்பூர் வாசகர்)

பரீட்சை எல்லாம் கிடையாது. ராயல் சொசைட்டி ஓர் அறிவியல் சங்கம். அதன் உறுப்பினரை ஃபெல்லோ என்பார்கள், ‘ஃபெல்லோ ஆஃப் தி ராயல் சொசைட்டி’ என்பதைத்தான் பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்தாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் ஓட்டுப் போட்டுப் புதியவர்களைச் சேர்ப்பார்கள், ஒருமுறை சேர்ந்தால் ஆயுள் முழுக்க உறுப்பினர்.

1660 நவம்பர் 28-ம் தேதி லண்டன் கிரஷாம் கல்லூரியில் கிறிஸ்டோபர் ரென் வானியல் பற்றி ஒரு உரை நிகழ்த்தினார். அது முடிந்ததும் 12 பேர் உட்கார்ந்து பேசி, வாராவாரம் கூடிப் பரிசோதனைகள் செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தார்கள். தொடக்கம் இவ்வளவுதான். ராபர்ட் பாயில் அந்தப் பன்னிருவரில் ஒருவர். இரண்டு வருஷம் கழித்து, 1662-ல், இரண்டாம் சார்லஸ் மன்னர் சாசனம் கொடுத்தார், பிரௌங்கர் பிரபு முதல் தலைவரானார். 1665-ல் ஒரு சஞ்சிகை தொடங்கினார்கள், ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ என்று பெயர். அது இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை 8,000-க்கும் மேற்பட்டவர்கள் ஃபெல்லோ ஆகியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள் எல்லோருமே பெரிய விஞ்ஞானிகளா? (அண்ணா நகர் வாசகர்)

இல்லை. நியூட்டன், ஹூக், ஹாலி என்று நாலைந்து பெயர்களே திரும்பத் திரும்பக் காதில் விழுவதால் அப்படித் தோன்றுகிறது. முதல் நூறு நூற்றைம்பது வருஷ உறுப்பினர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பிரபுக்கள், பாதிரியார்கள், நாடாளுமன்றக்காரர்கள், மருத்துவர்கள், அரும்பொருள் சேகரிக்கும் பணக்காரர்கள் என்றுதான் நீண்டுகொண்டு போகும். பிரபுப் பட்டம் இருந்தால் மற்றவர்களுக்குள்ள சடங்குகள் இல்லாமலே நேராகச் சேர்ந்துவிடலாம். சங்கத்துக்கு அரசுப் பணம் வரவில்லை, உறுப்பினர் சந்தாவில்தான் வண்டி ஓடியது. சந்தா வாரத்துக்கு 1 ஷில்லிங், அதையும் பலர் கட்டாமல் இழுத்தடித்தார்கள். 1672-ல் சேர்ந்த நியூட்டனுக்கே கொஞ்ச காலத்தில் சந்தாவிலிருந்து விலக்குக் கொடுக்க வேண்டியிருந்தது.

காசு இல்லாததால் நேர்ந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நியூட்டனின் ‘பிரின்சிபியா’ அச்சுக்குத் தயாரானபோது சங்கத்தின் கஜானா காலி. மீன்களைப் பற்றிய ஒரு பெரிய படப் புத்தகத்தில் பணத்தைப் போட்டுவிட்டிருந்தார்கள், அது விற்கவில்லை. கடைசியில் எட்மண்ட் ஹாலி தன் கைக்காசைப் போட்டு 1687-ல் நியூட்டனின் நூலைக் கொண்டுவந்தார். சங்கத்தில் வேலை பார்த்த ஹாலிக்குத் தர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாக அந்த விற்காத மீன் புத்தகப் பிரதிகளையே கொடுத்தார்கள்! நவீன இயற்பியலின் அடித்தளமான ஒரு நூல் வெளிவந்தது ஒரு தனி மனிதரின் நட்பினாலும் பணத்தினாலும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பதறுகிறது.

ஆனால் பிரபுக்களுக்கு மட்டும்தான் இடம் என்றும் சொல்லிவிட முடியாது. லண்டனில் துணிமணிச் சாமான் கடை வைத்திருந்த ஜான் கிரான்ட், ஊரின் சாவுக் கணக்கு ஏடுகளை வைத்துக்கொண்டு எந்த நோயில் எத்தனை பேர் சாகிறார்கள், ஆண் எத்தனை பெண் எத்தனை என்று ஆராய்ந்து எழுதினார். மக்கள்தொகைப் புள்ளியியல் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அவரை 1662-ல் சேர்த்துக்கொண்டார்கள். கடைக்காரரைச் சேர்க்கலாமா என்ற பேச்சுக்கு, இப்படிப்பட்ட கடைக்காரர்கள் இன்னும் கிடைத்தால் அத்தனை பேரையும் சேருங்கள் என்று மன்னரே சொன்னதாகச் சங்கத்தின் பழைய வரலாற்றில் எழுதியிருக்கிறது. ஹாலந்தின் டெல்ஃப்ட் ஊரில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக நுண்ணுயிர்களைப் பார்த்து டச்சு மொழியிலேயே கடிதம் கடிதமாக எழுதி அனுப்பினார். 1680-ல் அவரையும் ஃபெல்லோ ஆக்கினார்கள், அவரோ கூட்டம் ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. 1682-ல் மொராக்கோ தூதர் முகமது இப்னு ஹத்து சேர்ந்தார். கதவு ஒரு பக்கம் இப்படித் தாராளமாகத் திறந்துதான் இருந்தது. மூடியிருந்த பக்கத்தைப் பற்றிப் பின்னால் வரும் ஒரு கேள்விக்குப் பதிலாகச் சொல்கிறேன்.

கோட்டை கவர்னர் எலிஹு யேல் எஃப்.ஆர்.எஸ். என்று படித்தேன். உண்மையா? அவர் என்ன கண்டுபிடித்தார்? (ராயபுரம் வாசகர்)

உண்மை. எதையும் கண்டுபிடிக்கவில்லை. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து, பெரும் சொத்து சேர்த்துக்கொண்டு லண்டன் திரும்பியவர். அவர் இங்கே இருந்த காலத்தில் இந்தத் துறைமுகத்திலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டதும் ஆவணங்களில் இருக்கிறது. 1717-ல் அவரை ராயல் சொசைட்டியில் சேர்த்துக்கொண்டார்கள், அப்போது தலைவர் நியூட்டன். பணமும் செல்வாக்கும் இருந்தால் போதும் என்றிருந்த காலம் அது.

யேலைவிட அதே கோட்டையில் வேலை பார்த்த ஓர் அறுவை மருத்துவரைப் பற்றித்தான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. சாமுவேல் பிரௌன் என்று பெயர். சென்னையைச் சுற்றி உள்ள செடிகொடிகளைப் பறித்து, காயவைத்து, தமிழ்ப் பெயரையும் இந்த நோய்க்கு இது மருந்து என்ற குறிப்பையும் சேர்த்து லண்டனுக்கு அனுப்பினார். அங்கே ஜேம்ஸ் பெட்டிவர் என்ற மருந்துக் கடைக்காரர், அவர் ஒரு ஃபெல்லோ, 1698 முதல் அவற்றை ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டார். ராயல் சொசைட்டியின் சஞ்சிகையில் தமிழ்ச் செடிப் பெயர்கள் அச்சாகி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்தப் பெயர்களையும் மருத்துவக் குணங்களையும் எடுத்துச் சொன்ன இந்த ஊர்க்காரர்களின் பெயர் எங்கும் இல்லை. செடிக்குப் பெயர் இருக்கிறது, அனுப்பியவருக்குப் பெயர் இருக்கிறது, அச்சிட்டவருக்குப் பெயர் இருக்கிறது. சொல்லிக்கொடுத்தவருக்கு மட்டும் இல்லை. இது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

பிரபுக்கள் சங்கம் விஞ்ஞானிகள் சங்கமாக மாறியது எப்போது? (குரோம்பேட்டை வாசகர்)

1847-ல். அதற்கு முன்னால் ஜோசப் பேங்க்ஸ் 1778 முதல் 1820 வரை நாற்பது வருஷத்துக்கு மேல் தலைவராக இருந்தார், அவர் மனசு வைத்தால்தான் ஒருவர் உள்ளே வர முடியும் என்ற நிலை. பிறகு, கணிப்பொறிக்கு முன்னோடியான சார்லஸ் பாபேஜ் 1830-ல் ஒரு புத்தகம் எழுதி, விஞ்ஞானமே தெரியாதவர்களெல்லாம் ஃபெல்லோவா என்று சங்கத்தைப் போட்டு வாங்கினார். உள்ளேயே சண்டை வலுத்தது. கடைசியில் வருஷத்துக்கு 15 பேருக்கு மேல் கிடையாது, அறிவியலில் செய்த வேலையை வைத்துத்தான் தேர்வு என்று விதியை மாற்றினார்கள். இந்த 15 பல முறை உயர்ந்து இன்றைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. அரச குடும்பத்தாருக்கும் சில அரசியல் தலைவர்களுக்கும் தனி வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. 1941-ல் சர்ச்சில் அப்படித்தான் வந்தார்.

பரங்கிமலை, நுங்கம்பாக்கம் இரண்டுக்கும் ராயல் சொசைட்டியோடு தொடர்பு உண்டு என்று என் ஆசிரியர் சொல்வார். விவரம் தர முடியுமா? (ஆதம்பாக்கம் வாசகர்)

உங்கள் ஆசிரியருக்கு என் வணக்கம். 1802 ஏப்ரல் 10-ம் தேதி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை இரும்புச் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைக்கு ஆரம்பம் அந்தக் கோடுதான். 1817-ல் லாம்ப்டன் எஃப்.ஆர்.எஸ். ஆனார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்டும் 1827-ல் ஆனார்.

நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை வானிலை ஆய்வு மையம் இருக்கிறதல்லவா, புயல் வந்தால் டிவி கேமராக்கள் போய் நிற்கும் அதே இடம், அந்த வளாகத்தில்தான் 1792-ல் மதராஸ் வானியல் ஆய்வகம் கட்டப்பட்டது. தொலைநோக்கி நின்ற கருங்கல் தூண், தமிழ் உள்பட பல மொழிக் கல்வெட்டோடு, இன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஆய்வகத்தில் வானியலாளராக இருந்த ஜான் கோல்டிங்ஹாம் எஃப்.ஆர்.எஸ். அவர் இங்கே செய்த ஒரு பரிசோதனை அபாரமானது. பரங்கிமலையிலும் கோட்டையிலும் பீரங்கி வெடிப்பார்கள். நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து, வெளிச்சம் தெரிவதற்கும் சத்தம் கேட்பதற்கும் எத்தனை விநாடி என்று நாள்தோறும் குறித்தார்கள். வெயில், காற்று, ஈரப்பதம் எல்லாவற்றையும் கூடவே எழுதிவைத்து, ஒலியின் வேகம் இவற்றுக்கேற்ப எப்படி மாறுகிறது என்று கணக்கிட்டார் கோல்டிங்ஹாம். அந்தக் கட்டுரை 1823-ல் ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ சஞ்சிகையில் வந்தது. இன்றைய போக்குவரத்து இரைச்சலில் பரங்கிமலையில் பீரங்கி வெடித்தால்கூட நுங்கம்பாக்கத்தில் கேட்குமா என்பது சந்தேகம். அவருக்குப் பின் வந்த டி.ஜி. டெய்லர் இங்கிருந்தபடியே சுமார் 11,000 விண்மீன்களின் இடங்களை அளந்து பட்டியல் போட்டார், 1842-ல் அவரும் எஃப்.ஆர்.எஸ்.

சரி, இதே ஆய்வகத்தில் இந்தியர் ஒருவர் ஏறக்குறைய நாற்பது வருஷம் உழைத்தாரே, சிந்தாமணி ரகுநாதாச்சாரி, அவர்? 1867-ல், ஒளி கூடிக் குறையும் ஒரு விண்மீனைக் கண்டுபிடித்தார், இன்று அதை ஆர் ரெடிகுலி என்கிறார்கள். 1874-ல் வெள்ளி கோள் சூரியனைக் கடந்து போனபோது, சாதாரண ஜனங்களுக்கும் புரிய வேண்டுமென்று பல இந்திய மொழிகளில் விளக்கப் புத்தகம் கொண்டுவந்தார். 1872-ல் ராயல் அஸ்ட்ரானமிகல் சொசைட்டி அவரை ஃபெல்லோ ஆக்கியது, அந்த மரியாதை பெற்ற முதல் இந்தியர் அவர். அது வேறு சங்கம். ராயல் சொசைட்டி அவர் பக்கம் திரும்பவில்லை. உள்ளே இருக்கும் ஃபெல்லோக்கள் கையெழுத்துப் போட்டு முன்மொழிந்தால்தான் பெயர் பரிசீலனைக்கே போகும் என்பதை மறந்துவிடக் கூடாது. வேலை எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அதைப் பார்த்துப் பேனாவை எடுக்க ஓர் ஆள் லண்டனில் வேண்டும். இந்த மூன்று எழுத்தின் நீண்ட சரித்திரத்தில் திறமைக்குச் சமமாக நின்ற விஷயம் இதுதான் என்பது என் கருத்து.

ராமானுஜன்தானே முதல் இந்திய எஃப்.ஆர்.எஸ்.? (திருவல்லிக்கேணி வாசகர்)

பல காலம் அப்படித்தான் எழுதிவந்தார்கள். முதல்வர் பம்பாய்க்காரர், கப்பல் கட்டும் வாடியா குடும்பத்துப் பார்சி, ஆர்தசீர் கர்செட்ஜி. நீராவிக் கப்பல் பொறியியலில் தேர்ந்தவர், 1841-ல் தேர்வானார். அதற்கப்புறம் 77 வருஷம் ஓர் இந்தியரும் இல்லை. இரண்டாமவர் ராமானுஜன், கணிதத்துக்காகத் தேர்வான முதல் இந்தியரும் அவர்தான்.

நான் மேலே சொன்ன கையெழுத்து விஷயம் ராமானுஜன் வாழ்க்கையில் எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தா. அங்கே மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர், துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்குக்கு எடுத்துச் சொன்னார். இங்கிருந்து லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்குக் குறிப்புகளை அனுப்பினார்கள், அவர் எஃப்.ஆர்.எஸ்., பையன் விரியும் தொடர்களில் (கூட்டிக்கொண்டே போனாலும் ஒரு குறிப்பிட்ட எண்ணில் போய் நிற்காத தொடர்கள்) தடுக்கி விழுந்திருக்கிறான் என்கிற மாதிரி பதில் வந்தது. கேம்பிரிட்ஜில் ஹாப்சன், பேக்கர் என்ற இருவருக்கு ராமானுஜனே எழுதினார். அவர்களும் எஃப்.ஆர்.எஸ்., காகிதங்கள் ஒரு வார்த்தை இல்லாமல் திரும்பி வந்தன. 1913 ஜனவரி 16-ம் தேதி ஹார்டிக்கு எழுதினார். 1910-லேயே எஃப்.ஆர்.எஸ். ஆகிவிட்ட ஹார்டி அந்தத் தேற்றங்களைப் படித்துப் பார்த்துப் பதில் எழுதினார். அதே நேரம் சிம்லாவிலிருந்து சென்னை வந்திருந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், அவரும் எஃப்.ஆர்.எஸ்., துறைமுகத்தில் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. 1914 மார்ச் 17-ம் தேதி ராமானுஜன் கப்பல் ஏறினார்.

1917-ல் உடம்பு மிகவும் கெட்டுப்போனது. பொதுவாக ஒருவர் பெயர் தேர்வாகச் சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவு காலம் ராமானுஜன் இருப்பாரோ மாட்டாரோ என்ற பயத்தில் ஹார்டி உடனே முன்மொழிந்தார், அப்போதைய தலைவர் ஜே.ஜே. தாம்சனுக்கும் எடுத்துச் சொன்னார். 1918-ல் பட்டியலில் இருந்தவர்கள் 104 பேர், இடம் 15. முதல் தடவையிலேயே ராமானுஜன் தேர்வானார், வயது 30. அந்த முன்மொழிவுப் பத்திரத்தின் அடியில் கையெழுத்துகள் வரிசையாக இருக்கின்றன. ஹார்டி, லிட்டில்வுட், மக்மஹோன், வொயிட்ஹெட் என்று போகிறது வரிசை. நடுவில் இரண்டு பெயர்: ஹாப்சன், பேக்கர்! ஐந்தாறு வருஷத்துக்கு முன் காகிதத்தைத் திருப்பி அனுப்பிய அதே இருவர். அவர்களை ஏசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ராமானுஜன் அதே ராமானுஜன், கணிதமும் அதே கணிதம். இடையில் மாறியது ஹார்டி என்ற ஒருவர் உட்கார்ந்து படித்தது மட்டும்தான்.

1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ம் தேதி சேத்துப்பட்டில் காலமானபோது வயது 32.

பெண்களை எப்போது சேர்த்தார்கள்? மேரி கியூரி எஃப்.ஆர்.எஸ். ஆகவில்லையா? (கீழ்ப்பாக்கம் கல்லூரி மாணவி)

கியூரி ஆகவில்லை. 1903-ல் கணவரோடு சேர்த்து டேவி பதக்கம் கொடுத்தார்கள், உறுப்பினர் ஆக்கவில்லை. முதல் இரண்டு பெண்கள் சேர்ந்தது 1945-ல், படிகவியலாளர் கேத்லீன் லான்ஸ்டேல், உயிர்வேதியியலாளர் மார்ஜரி ஸ்டீஃபன்சன். சங்கம் தொடங்கி 285 வருஷம் கழித்து!

இடைப்பட்ட காலத்தில் பெண்கள் வேலை செய்யாமலா இருந்தார்கள்? 1667-ல் தத்துவம் எழுதிய மார்கரெட் கேவன்டிஷ் சீமாட்டி ஒரு கூட்டத்துக்கு வந்து பரிசோதனைகளைப் பார்த்தார், விருந்தாளியாக. கரோலின் ஹெர்ஷல் கண்டுபிடித்த வால்நட்சத்திரத்தைப் பற்றிய கடிதத்தை 1787-ல் ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ சஞ்சிகையில் போட்டார்கள். மேரி சாமர்வில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1826-ல் அங்கே வந்தது, அவருடைய கணவர் ஃபெல்லோ என்பதால் அவர் வழியாகக் கொடுக்கப்பட்டது. அப்புறம் சாமர்வில்லுக்குச் சிலை செய்து மண்டபத்தில் வைத்தார்கள். சிலைக்கு இடம் இருந்தது, ஆளுக்கு இல்லை.

கொதிப்பு வருவது ஹெர்தா அயர்ட்டன் கதையில். மின்வில் விளக்குகளைப் பற்றி ஆராய்ந்த பொறியாளர். 1902-ல் முறைப்படி ஃபெல்லோக்கள் அவரை முன்மொழிந்தார்கள். சங்கம் வக்கீல்களைக் கேட்டது. திருமணமான பெண்ணுக்குச் சட்டப்படி தனி நிலை கிடையாது, ஆகவே தேர்ந்தெடுக்க முடியாது என்று பதில் வந்தது. 1904-ல் அதே சங்கத்தில் தன் கட்டுரையைத் தானே வாசித்தார், அப்படி வாசித்த முதல் பெண். 1906-ல் அதே சங்கம் ஹியூஸ் பதக்கமும் கொடுத்தது. பதக்கம் கொடுக்கலாமாம், உறுப்பினர் ஆக்கக் கூடாதாம். 1919-ல் பெண் என்பதற்காக ஒருவரை விலக்கக் கூடாது என்று பிரிட்டனில் சட்டமே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் 26 வருஷம் இழுத்தார்கள்.

நம் பக்கம் வந்தால், மாநிலக் கல்லூரியில் படித்து, கரும்பு, கத்தரி என்று பயிர்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து, லண்டனில் ஜான் இன்ஸ் நிறுவனத்திலும் வேலை பார்த்து, கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் உழைத்த ஈ.கே. ஜானகி அம்மாள் எஃப்.ஆர்.எஸ். ஆகவில்லை. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2019-ல் வேலூர் சி.எம்.சி.யின் ககன்தீப் காங், குழந்தைகளுக்கு வரும் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஆராய்ச்சிக்காகத் தேர்வானார், இந்தியாவில் பணிபுரியும் பெண்களில் முதல் எஃப்.ஆர்.எஸ். அவர்தான். சங்கத்தின் தலைவர் நாற்காலியில் இதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

சர் சி.வி. ராமன் எஃப்.ஆர்.எஸ்.ஸைத் துறந்தாராமே? பெயரை நீக்கவும் முடியுமா? (மந்தைவெளி வாசகர்)

ஆமாம். 1924-ல் தேர்வானவர், 1968-ல் விலகினார். காரணம் என்று பல கதைகள் உலவுகின்றன, கதைகளை இங்கே அச்சேற்ற வேண்டாம். நீக்கவும் முடியும். 1775-ல் ருடால்ஃப் ராஸ்பே என்ற ஜெர்மானியரை, அரசருடைய ரத்தினங்களையும் நாணயங்களையும் திருடியதற்காக நீக்கினார்கள். சமீபத்தில் எலான் மஸ்க் விவகாரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2018-ல் அவரை ஃபெல்லோ ஆக்கியிருந்தார்கள், அவர் உறுப்பினராகத் தொடர்வதை ஏற்க முடியாது என்று உளவியலாளர் டோரத்தி பிஷப் 2024-ல் தானே விலகிவிட்டார்.

ராமன் படித்த மாநிலக் கல்லூரியிலேயே படித்த அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1944-ல் எஃப்.ஆர்.எஸ். ஆனார். ராமனோடு உழைத்த, வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் 1940-ல்.

சென்னையிலேயே இருந்து வேலை செய்து எஃப்.ஆர்.எஸ். வாங்கியவர்கள் உண்டா, எல்லோருமே வெளிநாடு போனவர்களா? (வேளச்சேரி வாசகர்)

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஜி.என். ராமச்சந்திரன். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார், கிண்டி வளாகத்தில் ஆய்வுக்கூடம். தோல், எலும்பு, தசைநார் எல்லாவற்றையும் தாங்கும் கொலாஜன் புரதம் மூன்று இழை பின்னிய சுருள் என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து சொன்னார். 1963-ல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோரோடு சேர்ந்து வெளியிட்ட வரைபடம்தான் ராமச்சந்திரன் பிளாட். ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் திரும்ப முடியும், எதில் முடியாது என்று அது காட்டிவிடும். இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் சரிபார்க்க அதைத்தான் எடுக்கிறார்கள். கிண்டியில் பிறந்த வரைபடம் அது! பெங்களூர் போன பிறகு, 1977-ல்தான் எஃப்.ஆர்.எஸ். வந்தது. நோபல் வரவே இல்லை. வந்திருக்க வேண்டும்.

லயோலாவில் படித்த கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1988-ல் தேர்வானார், அடுத்த வருஷமே சென்னைக் கணிதவியல் கழகம் உருவாகக் காரணமாக இருந்தார், இப்போது சிறுசேரியில் இருக்கிறது. தரமணியில் ஆய்வு மையம் அமைத்த எம்.எஸ். சுவாமிநாதன் 1973-லேயே ஃபெல்லோ. வெளியே போனவர்களில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை விட முடியாது. 2003-ல் ஃபெல்லோ, 2009-ல் நோபல், 2015 முதல் 2020 வரை ராயல் சொசைட்டிக்கே தலைவர். அவருடைய தங்கை லலிதா ராமகிருஷ்ணன், காசநோய் ஆராய்ச்சிக்காக 2018-ல் ஃபெல்லோ ஆனார்.

என் மகள் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கப்போகிறாள். எஃப்.ஆர்.எஸ்.ஸுக்கு விண்ணப்பம் எங்கே கிடைக்கும்? (கொளத்தூர் வாசகர்)

விண்ணப்பம் கிடையாது. ஃபெல்லோக்கள் இருவர் முன்மொழிய வேண்டும், பிறகு துறைவாரியான குழுக்கள் வருஷக்கணக்கில் பரிசீலிக்கும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இந்தியக் குடிமக்களுக்கு நேரடித் தகுதி உண்டு. மற்ற நாட்டவரை அயல்நாட்டு உறுப்பினராக எடுப்பார்கள், ஐன்ஸ்டைன் 1921-ல் அப்படித்தான். முடிவு பெரும்பாலும் மே மாதம் வரும். மகளுக்கு வாழ்த்துகள், முதலில் ஆய்வேடு நல்லபடியாக முடியட்டும்.

எங்கள் பழைய வீட்டுப் பித்தளைப் பெயர்ப்பலகையில் கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பின் எஃப்.ஆர்.எஸ். என்று தொடங்கி இன்னோர் எழுத்தும் இருக்கிறது, தேய்ந்துவிட்டது. அவர் ராயல் சொசைட்டி உறுப்பினரா? (மயிலாப்பூர் வாசகி)

நான்காவது எழுத்து இருக்கிறது என்றால் அது வேறு சங்கமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எஃப்.ஆர்.எஸ்.ஏ. என்றால் ராயல் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ், கலை, தொழில், வாணிபம் எல்லாவற்றையும் ஊக்குவிக்க 1754-ல் தொடங்கியது. அந்தக் காலத்து மதராஸ் வக்கீல்கள், ஆசிரியர்கள், அதிகாரிகள் பலர் இப்படி லண்டன் சங்கங்களில் சந்தா கட்டிச் சேர்ந்திருந்தார்கள். அதுவும் கௌரவமான விஷயம்தான், குறைத்து நினைக்க வேண்டாம். தொடங்கிய நாளிலிருந்து இருந்த ஃபெல்லோக்கள் எல்லோருடைய பெயரும் ராயல் சொசைட்டியின் இணையதளத்தில் இருக்கிறது. பழைய முன்மொழிவுப் பத்திரங்களும் அதன் நூலகப் பட்டியலில் உண்டு, ராமானுஜனுடையது உள்பட. கொள்ளுத்தாத்தாவின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். பலகையைப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், இருக்கிற எழுத்தும் போய்விடும். சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து எங்களுக்கு அனுப்பினால் நாங்களும் படித்துச் சொல்கிறோம்.